நல்ல எண்ணெய்

“அந்தம்மா சொன்னது உன் காதுல இன்னான்னு வுழுந்துச்சு? அத்த மொதல்ல சொல்லு.”

“நல்ல எண்ணெய்னு சார்.”

“நல்லெண்ணெயா, நல்ல... எண்ணெயா?”

ரேகா மேசை விளிம்பில் ஒட்டியிருந்த பழைய டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டுக்கும் நடுவுல ஒரு மூச்சு வுடுற எடம்தான் கீது. அந்த எடத்துல நம்ம ஆபீசு மாட்டிகினு நிக்குது,” என்றார் உலகநாதன். அவர் கோபமாக இருந்தால் கத்திவிடுவார். இப்போது கத்தவில்லை என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

உலகநாதன் அம்பத்தூர்க்காரர். கொஞ்ச நாள் லாரி ஓட்டி, பிறகு கூரியர் ஏஜென்சி எடுத்து, கடைசியில் இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தவர். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்ப ஆசைப்படும் சின்னச் சின்ன ஆட்களுக்கு வேண்டிய எல்லாத் தாள்களும் அங்கே தயாராகும். ஏற்றுமதி எண், உணவு உரிமம், பாட்டிலில் ஒட்டும் லேபிளின் வாசகம், பெட்டியோடு போகும் பட்டியல் எல்லாமே. “சரக்க நீ செய், பேப்பர நான் செய்யறேன்” என்பது அவர் எல்லோரிடமும் சொல்லும் வசனம். அந்தப் பேப்பரை உண்மையில் செய்பவள் ரேகா. தமிழில் சொல்வதை இங்கிலீஷில் சுத்தமாக எழுதுவாள் என்றுதான் நான்கு வருஷத்துக்கு முன் அவளை வேலைக்கு எடுத்தார்.

முந்தின நாள் மாலை கனடாவிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. டொராண்டோ பக்கத்தில் தமிழ்ச் சாமான் கடை வைத்திருக்கும் கோவிந்தராஜ் அனுப்பியது. பூந்தமல்லி வஹீதுன்னிசாவின் பூண்டு ஊறுகாயை வரவழைத்து விற்பவர் அவர். ஒரு பிறந்தநாள் விருந்து. ஆறு வயதுப் பெண் குழந்தை. தயிர்சாதத்தோடு அந்த ஊறுகாயை ஒரு விரல்நுனி தொட்டுச் சாப்பிட்டிருக்கிறது. அந்தக் குழந்தைக்கு எள் ஒத்துக்கொள்ளாது. சில நிமிஷங்களில் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, ஆம்புலன்ஸ் வந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறது.

அந்தத் தாய் கவனமில்லாதவள் இல்லை. குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன் பாட்டிலைக் கேட்டு வாங்கி லேபிளைப் படித்திருக்கிறாள். மெயிலோடு ஒரு புகைப்படம் இருந்தது. பாட்டிலின் பின்பக்கம், சின்ன எழுத்துகளின் மேல் அவளுடைய ஆள்காட்டி விரல். நகச்சாயம் பாதி உரிந்திருந்தது. அந்த நகத்துக்குக் கீழே ரேகா தட்டச்சு செய்த மூன்று சொற்கள்: எடிபிள் வெஜிடபிள் ஆயில். சமையலுக்கான தாவர எண்ணெய்.

பார்க்கப் பார்க்க அந்த விரல் பெரிதாகிக்கொண்டே போனது. அதற்குப் பின்னால் ஒரு சமையலறை, ஜன்னலுக்கு வெளியே பனி, பலூன்கள், வாசலில் சின்னச் சின்ன பூட்ஸ்கள் எல்லாம் அவளுக்குத் தெரிய ஆரம்பித்தன. கம்ப்யூட்டரை மூடினாள். மூடிய பிறகும் தெரிந்தன.

“அந்தப் பட்டியலு செவுத்துலதானே கீது?” உலகநாதன் தாடையால் காட்டினார்.

அவள் மேசைக்கு நேர் எதிரே இருந்தது அது. ஒவ்வாமை தரக்கூடிய பொருள்கள், லேபிளில் கட்டாயம் பெயர் சொல்ல வேண்டியவை. நிலக்கடலை, பால், கோதுமை, சோயா, கடுகு, எள். அவளே அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியது. அதைப் பார்த்துத்தான் கடுகைத் தடித்த எழுத்தில் போட்டாள். பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பார்களே என்று தானாக யோசித்து, கடைக்காரரிடம் விசாரித்து, கோதுமையையும் சேர்த்தாள். கோவிந்தராஜ் அன்றைக்கு போனிலேயே பாராட்டினார். ஒரு சிட்டிகை பெருங்காயத்துக்குள் ஒளிந்திருந்த மாவைக் கண்டுபிடித்தவளுக்கு, பாட்டிலில் பாதியை நிரப்பிக்கொண்டிருந்த எண்ணெய் தெரியவில்லை.

“இப்ப கோவிந்தராஜ் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்,” உலகநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “செஞ்சவங்க சொல்லலியா, எழுதனவங்க எழுதலியா? தப்பு யார்தோ அவங்ககூட இனிமே யாவாரம் கெடயாதுன்றாரு. வெள்ளிக்கெழமைக்குள்ள எழுத்துல வேணுமாம். அவருக்கு நாம பதினோரு பேரோட சரக்கு அனுப்பறோம். தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“அந்தம்மா ஒரு பார்ட்டி. மீதி பத்து பேரு கீறாங்க.”

அவர் கேட்காமலே ரேகாவுக்குப் புரிந்துவிட்டது. அப்படிப் புரிந்ததே அசிங்கமாக இருந்தது.

வஹீதுன்னிசா பெயரில் ஒரு கடிதத்தை அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவள்தான் அடித்தாள். இந்தத் தயாரிப்பில் எள் எண்ணெய் சேர்க்கப்படுவதை லேபிள் தயாரித்த அலுவலகத்துக்கு நான் தெரிவிக்கவில்லை. இதற்கான முழுப் பொறுப்பும் என்னுடையது. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வஹீதுன்னிசா, உரிமையாளர். அவருடைய இங்கிலீஷில் இரண்டு இடத்தைத் திருத்தினாள். ‘தெரிவிக்கவில்லை’ என்பதற்கு முன்னால் ‘தவறுதலாக’ என்று ஒரு சொல்லையும் சேர்த்தாள். அந்தம்மாவுக்கு ஏதோ உதவி செய்துவிட்டதுபோல ஒரு நிமிஷம் இருந்தது. பிரிண்டரிலிருந்து தாள் வெளியே வந்தபோது அந்த நினைப்பும் போய்விட்டது.

“அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா?” என்று கேட்டார் உலகநாதன்.

“தமிழ் நல்லாப் படிப்பாங்க. இங்கிலீஷ்ல பேர் மட்டும் எழுதுவாங்க. ஏதாவது தாள் வந்தா அவங்க பொண்ணுதான் படிச்சுச் சொல்லும். ஃபிசா. பி.காம் ரெண்டாவது வருஷம்.”

“அது எப்ப வரும் காலேஜுலேருந்து?”

“ஆறு மணி ஆயிடும் சார்.”

உலகநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். “அப்போ நீ இப்பவே கெளம்பு.” பிறகு, அவள் பையை எடுக்கும்போது, குரலைத் தணித்துச் சொன்னார். “அந்தம்மா அனுப்பன வாய்ஸ் மெசேஜ் இன்னும் உன் போன்ல கீதா?”

“இருக்கு சார்.”

“எதுக்கு வெச்சுகினு கீற?”

திருவேற்காடு வரை பஸ். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. இயர்போனை மாட்டி அந்த நாற்பத்தொரு விநாடியை மறுபடி போட்டாள். காலையிலிருந்து எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியாது.

‘ரேகாம்மா, எழுதிக்கோ. பூண்டு, மொளகாத்தூளு, கடுகு, வெந்தயம், பெருங்காயம், புளி, வெல்லம் கொஞ்சூண்டு, உப்பு. எண்ணெயா, நல்லெண்ணெ தாம்மா, அதெல்லாம் நீ கவலப்படாத. செக்குல நம்ம கண்ணு முன்னாடி ஆட்டி எடுத்துகினு வர்றது.’ பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம். யாரோ சிரித்தார்கள்.

இப்போது கேட்டால் நல்லெண்ணெய் என்று தெளிவாகத்தான் கேட்டது. கேட்காத காது எது என்று தேட வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்கு முன் ஒரு காலையில் நெமிலிச்சேரியில் ரயில் ஏறி, கதவோரம் நின்றுகொண்டு முதல் தடவை இதைக் கேட்டாள். எந்த வாடிக்கையாளரிடம் என்ன பொருள் என்று கேட்டாலும் அவர்கள் பெயரைச் சொல்வதில்லை, பெருமையைத்தான் சொல்வார்கள். என்ன துணி என்று கேட்டால் ‘ஒரிஜினல் காட்டன்’ என்பார்கள். என்ன நெய் என்று கேட்டால் ‘சுத்தமான நெய்’ என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. ‘நல்ல எண்ணெய்தான், கவலைப்படாதே’ என்று வஹீதுன்னிசா தன் சரக்கைப் பெருமையாகச் சொல்கிறார் என்றே நினைத்தாள். சரி, எண்ணெய் நல்லதுதான், என்ன எண்ணெய்?

அந்தக் கேள்வி வந்தது. அதுதான் விஷயம். யாரிடமும் அவள் சொல்லாத விஷயமும் அதுதான். ரயிலிலேயே நோட்டில் எழுதிக்கொண்டபோது எண்ணெய் என்பதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள். மறுபடி போன் செய்து கேட்க வேண்டும் என்று. அன்று மாலை ஐந்து மணிக்குள் லேபிள் அச்சுக்குப் போக வேண்டும். நாலே முக்காலுக்கு அவள் அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தாள். போனை எடுத்தாள். வஹீதுன்னிசாவிடம் பேசினால் பத்து நிமிஷம் ஆகும். சாப்பிட்டியா, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது, ஃபிசாவுக்கு ஒரு வேலை பார்த்துச் சொல்லேன் என்று பேச்சு நீளும். எண்ணெய்தானே, தாவர எண்ணெய் என்று போட்டால் எல்லா எண்ணெயும் அதில் அடங்கிவிடும் என்று போனைக் கீழே வைத்தாள்.

அந்த நோட்டு இப்போது பைக்குள் இருந்தது, கடிதம் இருந்த உறையை ஒட்டி. ஏன் எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. உலகநாதன் கேட்டது வாய்ஸ் மெசேஜைப் பற்றி. கேள்விக்குறியைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு அமைதியாகப் பேசியிருப்பாரா? ‘காது தப்பா கேட்டுச்சு, நீ இன்னா பண்ணுவ’ என்று அவர் காலையில் ஒருமுறை சொன்னார். அந்த ஆறுதலை அவள் திருட்டுத்தனமாக வாங்கிக்கொண்டாள்.

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ. பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் மடியில் ஒரு குழந்தை பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு ரேகாவையே பார்த்தது. பிஸ்கட்டில் என்னென்ன இருக்கும் என்று அவள் மனம் தானாகப் பட்டியல் போட ஆரம்பித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வஹீதுன்னிசாவின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கூடம் ஒன்று உண்டு. அதுதான் பட்டறை. எப்போது போனாலும் நான்கு பெண்கள் சுற்றி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பார்கள். இன்று பூண்டு இல்லை. நடுவில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள். தொட்டி நிறைய தண்ணீரில் ஊறுகாய் பாட்டில்கள். பெண்கள் ஒவ்வொன்றாக எடுத்து லேபிளைக் கீறிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் கனடா போக வேண்டிய அறுநூறு பாட்டில்கள். ஈரத் தாள் சுருள் சுருளாகத் தரையில் கிடந்தது. வாசலில் ஒரு சுருள் ரேகாவின் செருப்பில் ஒட்டிக்கொண்டது. அவள் எழுதியதுதான்.

“பேப்பர்காரம்மா வந்துட்டாங்க,” என்றாள் சாமுண்டீஸ்வரி, அங்கே ரொம்ப நாளாக வேலை செய்பவள், வாய் கொஞ்சம் நீளம். “வாங்க, நீங்களும் ஒரு கத்தி எடுத்துக்கோங்க. ஒட்டும்போது புடிக்க மாட்டேன்னுச்சு இந்த லேபிளு, இப்ப புருசன் வூட்டுக்குப் போவாத பொண்ணாட்டம் ஒட்டிகினு கீது.”

மற்றவர்கள் சிரித்தார்கள். ரேகாவும் சிரிக்கப் பார்த்தாள்.

“ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க,” சாமுண்டீஸ்வரி கத்தியை நிறுத்தினாள். “எள்ளுக்கு இங்கிலீஷ்ல பேரு கீதா, இல்லியா?”

“இருக்குக்கா.”

“அப்ப ஏன் எழுதல?”

“சாமுண்டி, சும்மா இரு,” உள்ளேயிருந்து குரல் வந்தது. “அது படிச்ச புள்ள. நாம இன்னா சொல்றோமோ அதத்தானே எழுதும்.”

வஹீதுன்னிசா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் முகம் வாடியிருந்தது, உதடு காய்ந்திருந்தது. ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, “ரேகாம்மாவுக்கு டீ வெச்சுக் குடு,” என்றார்.

“நீங்க?”

“எனக்கு வேணாம்மா. இன்னிக்கு நோன்பு.”

“இப்ப என்ன நோன்பும்மா?”

“சும்மாதான். அந்தப் புள்ளைக்காக.” ஏதோ சின்ன விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். “மூணு நாளு வெக்கறேன்னு நேந்துகினேன். நம்ம கையால செஞ்சது அதோட தொண்டைய அடைச்சுச்சே, அல்லா. அந்தப் புள்ள பேரு இன்னா ரேகாம்மா? துவா கேக்கும்போது பேரு சொல்லணும்னு தோணுது. ஃபிசாகிட்ட கேட்டா அவளுக்குத் தெரியலன்றா.”

“எனக்கும் தெரியாதும்மா.”

“மெயிலுல போடலியா?”

“போடலை.”

அது உண்மை. இன்று இங்கே சொல்லப்போவதில் அது ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும் என்று ரேகா நினைத்துக்கொண்டாள்.

டீ வந்தது. நோன்பிருப்பவருக்கு முன்னால் குடிக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வஹீதுன்னிசா “குடிம்மா, ஆறிப்போவுது” என்று டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவருடைய போன் தரையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. கீறல் விழுந்த கண்ணாடி. அதற்குள்ளும் அந்த நாற்பத்தொரு விநாடி இருக்கிறது. அவருக்கு அதைத் திரும்பக் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. தன் வாயால் சொன்னதைத் தன் போனிலேயே போய்ச் சரிபார்க்க வேண்டும் என்ற எண்ணம் வருகிற ஆள் இல்லை அவர்.

“நேத்து உங்க சாரு போன் பண்ணிச் சொன்னதுலேருந்து ராத்திரியெல்லாம் யோசிச்சுகினே கீறேன்,” என்றார். “நான் அன்னிக்கு உங்கிட்ட நல்லெண்ணெய்னுதானே சொன்னேன்? இல்ல, வெறும் எண்ணெய்னு சொல்லிட்டேனா? வேல நேரத்துல பேசனது. நீ கரீட்டா எழுதற புள்ள. பெருங்காயத்துல கோதும கீதுன்னு எங்களுக்கே தெரியாதத நீ கண்டுபுடிச்ச. அப்ப நாந்தான் சொல்லாம வுட்டுருக்கணும். இல்ல?”

சாமுண்டீஸ்வரியின் கத்தி மறுபடி நின்றது. நான்கு பெண்களும் தொட்டியைப் பார்த்தபடி காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள்.

“எனக்கு... சரியா ஞாபகம் இல்லைம்மா,” என்றாள் ரேகா.

சொன்ன உடனே டீ வாய்க்குள் கசந்தது. அது சர்க்கரை தூக்கலான டீ.

“பாத்தியா. உனக்கே ஞாபகம் இல்லன்னா நான் சொல்லாமத்தான் வுட்டிருப்பேன்.” வஹீதுன்னிசா தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். தீர்ப்பைத் தானே எழுதித் தானே ஏற்றுக்கொண்டவர்போல. “நமக்கு வாய் தெறந்தா நல்லெண்ணெய்தான். அதுக்கு வேற பேரு கீதுன்னு யாரு நெனச்சா. பேருலயே நல்லதுன்னு வெச்சுகினு கீது, அது ஒரு புள்ளையக் கொல்லப் பாக்கும்னு யாரு நெனச்சா.”

“அக்கா, கனடாக்காரரு இனிமே வாங்குவாரா, மாட்டாரா?” என்று சாமுண்டீஸ்வரி கேட்டாள். இந்த முறை குரலில் கிண்டல் இல்லை. “அவரு வாங்கலன்னா நாங்க நாலு பேரும் வூட்டுலதான் குந்திகினு கெடக்கணும். அத்த மட்டும் கேட்டுச் சொல்லச் சொல்லு அந்தப் பொண்ண.”

“வாங்குவாரு. ரேகாம்மா அதுக்குத்தானே வந்துகீது. இல்லம்மா? ஏதோ பேப்பர்ல கையெழுத்து போடணும்னு உங்க சாரு மறுபடி போன் பண்ணாரு. போட்டா சரியாயிடும்னாரு.”

அப்படியா சொன்னார்? ரேகாவுக்குத் தெரியாது. பையைத் திறந்தாள். விரல் முதலில் நோட்டின் முனையில் பட்டது, பிறகு உறையில். உறையை எடுத்தாள். கடிதத்தைப் பிரித்தபோது, ஈரக் கை படாமல் இருக்க வஹீதுன்னிசா ஒரு பழைய நாளிதழைத் தரையில் விரித்தார். அதன் மேல் தாளை வைத்து நான்கு பக்கமும் நீவிவிட்டார். எவ்வளவு மரியாதையாக நீவுகிறார் என்று ரேகாவுக்குத் தோன்றியது. தான் எழுதியதை யாரும் இவ்வளவு மரியாதையாகத் தொட்டதில்லை.

“எங்க போடணும்?”

ரேகா கோட்டைக் காட்டினாள். பேனாவையும் கொடுத்தாள்.

வஹீதுன்னிசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தன் பெயர் அச்சாகியிருப்பதைப் பார்த்து, எழுத்து எழுத்தாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அது மட்டும்தான் அந்தத் தாளில் அவரால் படிக்க முடிந்தது. பேனாவின் மூடியைத் திறந்து பின்னால் செருகினார். கோட்டின் மேல் முனையை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார்.

கூடத்தின் சுவரில் கடிகாரம் நான்கே முக்கால் காட்டியது. தகரத்தின் மேல் காக்கை ஒன்று தத்தித் தத்தி நடக்கும் சத்தம் கேட்டது. ரேகாவுக்குத் தன் மடியிலிருக்கும் பை கனப்பதுபோல் இருந்தது. அதன் வாய் திறந்தே கிடந்தது, நோட்டின் நீல அட்டை வெளியே தெரிந்தது. அந்தக் கேள்விக்குறி பென்சிலில் போட்டது. அழித்தால் அழிந்துவிடும். ஆறு மாதமாக அவள் அழிக்கவில்லை.

“இந்த ஃபிசா இருக்காளே, அவளால ஒரு பழக்கம் ஆயிடுச்சு,” வஹீதுன்னிசா கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். “படிச்சுத் தெரிஞ்சுக்காம எதுலயும் கையெழுத்து போடாதம்மா, போடாதம்மான்னு தெனம் சொல்லிகினே கெடப்பா. அவ வர்ற வரைக்கும் உன்ன குந்த வெக்க முடியுமா? உனக்கு நெமிலிச்சேரி வரைக்கும் போவணும். எனக்கு அவ ஒண்ணு, நீ ஒண்ணா? ரெண்டு பேரும் ஒண்ணுதான்.”

அவர் தாளைத் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து, ரேகாவின் பக்கம் திருப்பிக் கொடுத்தார். தொட்டியைச் சுற்றியிருந்த பெண்கள் கத்திகளைக் கீழே வைத்துவிட்டு, கேட்க வசதியாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

“இதுல இன்னா எழுதிகீதுன்னு, மெதுவா, ஒவ்வொரு வரியா, தமிழ்ல படிச்சுச் சொல்லும்மா.”